எடுத்துக்கொடுக்க ஆளில்லை

தண்டவாளம் தூக்குவதற்குப் பாட்டு வேண்டும். பலம் மட்டும் போதாது. முன்னால் நிற்பவன் தூக்கும்போது பின்னால் நிற்பவன் இன்னும் குனிந்துகொண்டிருந்தால் இரும்பு யார் காலிலாவது விழும். அதனால் கொருக்குப்பேட்டை ரயில்வே யார்டில் சுமை தூக்கும் எங்கள் கலாசிக் கூட்டத்துக்கு, பாட்டு எடுத்துக்கொடுக்கிறவன் என்று ஒருவன் இருப்பான். அவன் முதலில் கடப்பாறை நுனியால் இரும்பை இரண்டு தட்டுத் தட்டுவான். நான் எடுத்துக்கொடுக்கப் போகிறேன், தயாராக இருங்கள் என்று அதற்கு அர்த்தம். நாங்கள் குனிந்து, பிடியைச் சரிசெய்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அவன் ஒரு வரி சொல்வான். நாங்கள் எல்லோரும் 'ஐலசா' என்போம். அந்த ஐலசாவில் இரும்பு தரையை விட்டு எழும்பும்.

அங்கே வேலை பார்த்த வருஷங்களில் நான் ஒருநாளும் வரி சொன்னதில்லை. பதில் சொல்லும் கூட்டத்திலேயே இருந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. என் குரல் மற்றவர்கள் குரலுக்குள் போய்விடும். நான் சத்தமாகச் சொன்னேனா, மெதுவாகச் சொன்னேனா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

எடுத்துக்கொடுத்தவன் என் தோழன். என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவன் என்பதால் அண்ணாத்தே என்று கூப்பிடுவேன். அவன் வரிகளை எங்கேயும் கற்றுக்கொண்டு வரவில்லை. அந்தந்த நேரத்தில் கண்ணில் பட்டதைச் சொல்வான்.

"மேஸ்திரி வூட்டுல."

"ஐலசா."

"மீனு கொழம்பு."

"ஐலசா."

"நம்ம வூட்டுல."

"ஐலசா."

"நேத்துக் கஞ்சி."

குடை பிடித்துக்கொண்டு நின்ற மேஸ்திரியும் சிரித்துவிடுவார். "டேய், உனக்கு வாயி இல்லன்னா நாயி தூக்கிகினு பூடும்டா" என்பார். வெள்ளைக்காரன் போய் ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது.

என் அம்மா இறந்த பிறகு அவன்தான் என்னை ஜெப வீட்டுக்கு அழைத்துப் போனான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அறைக்குப் போனால் பேச்சுத்துணை கிடையாது. பேசுகிற ஆள் நான் இல்லைதான், ஆனாலும் பேசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்போல இருந்தது. "தனியா குந்திகினு இன்னா பண்ணப்போறே மாமே? வா. அங்க பாயி போட்டுக்கீது, லைட்டு எரியுது. பிடிக்கலன்னா எய்ந்து வந்துடு" என்றான். அவனே அதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னால்தான் கிறிஸ்தவன் ஆகியிருந்தான்.

ஜெப வீடு என்றால் ரயில் பாதையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. திருவொற்றியூரிலிருந்து போதகர் சைக்கிளில் வருவார். நான் போன முதல் நாள் அவர், ஆண்டவரை அதிகாரிகள் முன் கொண்டுபோய் நிறுத்தியதைப் பற்றிப் பேசினார். அவர்கள் என்னென்னவோ கேட்டார்களாம். அவர் பதில் சொல்லாமல் நின்றாராம். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நின்ற ஒருவரை இத்தனை பேர் தெய்வம் என்கிறார்களே என்று திரும்பத் திரும்ப நினைத்தேன். ஏன் மதம் மாறினாய் என்று பிறகு உறவுக்காரர்கள் என்னைக் கேட்டார்கள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

ஞானஸ்நானத்துக்கு முன்னால் மனப்பாடம் செய்ய வேண்டியது நிறைய இருந்தது. அது எனக்குக் கஷ்டமாக இல்லை. எட்டாம் வகுப்புவரை படித்தவன், பள்ளிக்கூடத்திலும் ஒப்பிப்பது மட்டும் நன்றாக வரும். கஷ்டம் பிறகுதான் வந்தது. புதன்கிழமைதோறும் சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராகச் சொந்த வார்த்தையில் ஜெபிக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டுக்காரன் குடிக்கிறான், மழையில் கூரை ஒழுகுகிறது என்று அவரவர் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொல்வது எனக்குச் சுலபமாக வந்தது. யார்டில் செய்கிற வேலைதானே அது. யாரோ எடுத்துக்கொடுக்கிறார்கள், நான் தூக்குகிறேன். பக்கத்துப் பெண்ணின் பிள்ளைக்குக் காய்ச்சல் குறையவேண்டும் என்று உண்மையாகவே பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொன்னேன்.

வட்டம் என்னிடம் வந்ததும் எல்லாம் நின்றுபோகும்.

மனசில் ஒன்றும் இல்லை என்று சொல்லமுடியாது. அம்மா இருந்தாள். அறை இருந்தது. ஆனால் முதல் வார்த்தை எது என்று தெரியவில்லை. 'ஆண்டவரே' என்று தொடங்கலாம். தொடங்கிவிட்டு? எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். யாரோ இருமுவார்கள். அப்போதெல்லாம் ஒரு கூட்ஸ் வண்டி வரக்கூடாதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். வண்டி போகும்போது தகரம் அதிரும், யார் பேசினாலும் கேட்காது, அதனால் ஜெபம் நடந்துகொண்டே இருக்கும். நல்ல நாளில் என் முறைக்குச் சரியாக வண்டி வரும். நான் உதட்டை அசைப்பேன். கடைசிப் பெட்டி போவதற்குள் நான் முடித்துவிட்டேன் என்று நினைத்து அடுத்தவர் தொடங்கிவிடுவார்.

வண்டி வராத நாளில் தோழன் காப்பாற்றுவான்.

"ஆண்டவரே, இவன் ஊமை இல்ல, ஒமக்கே தெரியும். டீக்கடையில டீ வேணும்னா கூட என்னைத்தான் கேக்கச் சொல்றான். இவனுக்கு இன்னா வேணுமோ அத்த நீரே பாத்துக் குடுத்துடும். ஆமென்."

பெண்கள் முக்காட்டுக்குள் சிரிப்பார்கள். நானும் ஆமென் சொல்லிவிடுவேன். வெளியே வந்ததும் அவன் என் தோளில் கை போடுவான். "எனக்கு எல்லாரு ஜெபமும் தெரியும் மாமே. அந்த அம்மாவுக்குக் கூரை, இந்த ஆளுக்குப் புள்ள. உன்னுது மட்டும் இன்னான்னு தெரியல. ஒரு நாளு உன் வாயில இருந்து கேக்கணும். அப்பால நான் செத்தாலும் சரி" என்பான். விளையாட்டாகத்தான் சொல்வான்.

ஒருநாள் தைரியம் செய்து, போதகர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "ஐயா, எப்படி ஆரம்பிக்கறது?"

அவர் நல்ல மனிதர். கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ ஏன் பெரிசா நினைக்கிறே? அவர் நம்ம தகப்பன். அப்பாகிட்ட பேசற மாதிரி பேசு. பிள்ளைக்கு அப்பாகிட்ட என்ன கூச்சம்?" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அது என்னை இன்னும் சிக்கலில் விட்டுவிட்டது.

என் அப்பா அத்திப்பட்டுப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர். நான் அவரோடு நேராகப் பேசியதாக நினைவில்லை. அவர் அடிக்கிறவர் இல்லை, கோபக்காரரும் இல்லை. எங்கள் வீட்டில் பழக்கம் அப்படி. எனக்கு ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வேன். அப்பா சாப்பிட்டுக் கை கழுவும் நேரம் பார்த்து அம்மா சொல்வாள். "புள்ளைக்குச் சிலேட்டு ஒடஞ்சிபோச்சாம்." அப்பா அம்மாவைப் பார்த்து, "வாங்கியாறேன்னு சொல்லு" என்பார். "வாங்கியாறாராம்" என்று அம்மா என்னிடம் சொல்வாள். இத்தனையும் நடக்கும்போது நான் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருப்பேன். அப்பா போன பிறகும் அவரிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று எனக்குத் தோன்றியதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மா சொல்லிவிட்டாள் என்றுதான் இருந்தது. இப்போது அம்மாவும் இல்லை. அப்பாவிடம் பேசுவது போலப் பேசு என்கிறார் போதகர். யாரை விட்டுக் கேட்கச் சொல்வது?

இப்படியே ஒரு வருஷம் போயிற்று.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் துறைமுகத்திலிருந்து வந்த தண்டவாளங்களை இறக்கிக்கொண்டிருந்தோம். முந்தின நாள் மழையில் மண் இளகியிருந்தது. தோழன் ஏறி நின்ற கட்டை ஒருபக்கமாகச் சரிந்தது. அவன் வரி பாதியில் நின்றது. நாங்கள் பதில் சொல்லக் காத்திருந்தோம். அந்தப் பாதி வரி என்ன என்று நினைத்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரமாட்டேனென்கிறது. யார் மேலும் தப்பில்லை. மேஸ்திரி குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவன்மேல் விழுந்த இரும்பைத் தானே கை கொடுத்துத் தூக்கினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் கட்டில் கிடைத்தது. அவன் தாடை எலும்பு உடைந்திருந்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, தலையைச் சுற்றித் துணிக்கட்டுப் போட்டிருந்தார்கள். விலாவிலும் வயிற்றிலும் அடி. மூக்கு வைத்த பீங்கான் கோப்பையில் கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். நான் பார்த்த மனிதர்களிலே அதிகம் பேசியவன் அவன். அவன் வாயைத்தான் கட்டிவைத்திருந்தார்கள்.

அவன் மனைவியை நான் அண்ணி என்பேன். ராயபுரத்தில் ஒரு தெருமுனையில் ஆப்பக் கடை போட்டிருந்தாள். அவள் எங்களோடு ஜெப வீட்டுக்கு வந்ததில்லை. "ரெண்டு பேரும் அங்க பூட்டா, எங்க அம்மனுக்கு யாரு வெளக்கு ஏத்தறது? அவ இன்னா பாவம் பண்ணா?" என்பாள். தோழன் அதற்காக அவளோடு சண்டை போட்டதில்லை. நாலு மணிக்குப் பார்வை நேரம் மணி அடித்ததும் அவளும் நானும் உள்ளே போவோம்.

முதல் ஞாயிறு போதகர் வந்து ஜெபித்தார். நன்றாக ஜெபித்தார். தோழன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் அவர் எண்ணூருக்கு அப்பால், ஓடம் ஏறிப் போகவேண்டிய உப்பளத்து ஊர்களுக்குப் போய்விட்டார். திரும்பிவர அடுத்த வாரம் ஆகும். மழையில் உப்பங்கழி பெருகினால் இன்னும் தாமதமாகும்.

அவர் போன பிறகுதான் தோழன் கேட்க ஆரம்பித்தான். இரண்டு கையையும் மெல்லச் சேர்ப்பான். பிறகு ஒரு விரலால் என்னைக் காட்டுவான்.

"அவரு உன்ன ஜெபம் பண்ணச் சொல்றாருப்பா" என்றாள் அண்ணி.

எனக்குப் புரியாமலா இருந்தது? மனப்பாடமாக இருந்த, ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சொன்னேன். தப்பில்லாமல் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன் நின்று ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. முடித்துவிட்டுப் பார்த்தேன். அவனால் தலையை ஆட்டமுடியாது. கண்ணை மட்டும் பக்கவாட்டில் அசைத்தான். அதில்லை என்றான். மறுபடியும் விரலால் என் நெஞ்சைக் காட்டினான். உன்னுது சொல்லு.

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த கட்டிலில் ஒருவர் காலில் கட்டையும் கல்லும் தொங்கவிடப்பட்டு மல்லாந்து கிடந்தார். வெகுநாளாக இருக்கிறவர், வார்டில் எல்லோருக்கும் தெரிந்தவர். "இன்னா நைனா, ஊமைப் படமா காட்டறே? டிக்கெட்டு இல்லாம பாத்துகினு கீறேன்" என்றார். தோழனின் கண் சிரித்தது. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. மணி அடித்ததும் முதல் ஆளாக வெளியே வந்தேன்.

மறுநாள் வேலை நேரம் முழுக்க ஒரு வாக்கியம் தயார் செய்தேன். 'ஆண்டவரே, என் தோழனுக்குச் சுகம் தாரும்.' அவ்வளவுதான். இதில் என்ன கஷ்டம்? கொருக்குப்பேட்டை கேட்டைத் தாண்டும்போது சொல்லிப் பார்த்தேன். மாட்டு வண்டிகளுக்கு நடுவில் சொல்லிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசல்வரை அது என்னோடு வந்தது. பினாயில் வாசனை அடித்ததும் அது என் வாக்கியமாக இல்லை. போதகர் சொல்கிறதில் ஒரு துண்டை எடுத்துவந்தது போல இருந்தது. கட்டிலருகே போனேன். தோழன் காத்திருந்தான். நான் அவன் கால்மாட்டில் போர்வையைச் சரிசெய்தேன். சரியாக இருந்த போர்வையைத்தான்.

ஒரு வாரம் இப்படிப் போயிருக்கும். கட்டு எப்போது அவிழ்ப்பார்கள், எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அன்று போனபோது அவன் முகம் வெளுத்திருந்தது. வயிறு உப்பியிருந்தது. நர்ஸ் அண்ணியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். உள்ளே எங்கோ ரத்தம் கசிந்து கட்டியிருக்கிறது, காலையில் வயிற்றை அறுத்துப் பார்க்க வேண்டும், கைநாட்டு வைக்க வேண்டும். அண்ணி வைத்துவிட்டு வந்தாள். விரலில் மை இருந்தது. அதைப் புடவையில் துடைக்காமல், கையை எட்டப் பிடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

தோழனுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. டாக்டர் அவன் எதிரிலேயே சொல்லியிருப்பார். அவன் கையைச் சேர்க்கவில்லை, என்னைக் காட்டவும் இல்லை. ஒரு கை போர்வைக்கு வெளியே வந்தது. விரல் முட்டியால் கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தட்டினான். இரண்டு தட்டு.

என் உடம்பு தானாகத் தயாராகிவிட்டது. காலை அகட்டி வைத்துக்கொண்டேன். கட்டில் கம்பியில் கையைச் சரியாகப் பிடித்தேன். மூச்சை நிறுத்தினேன். அவன் எடுத்துக்கொடுக்கப் போகிறான், நான் பதில் சொல்ல வேண்டும். அது தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

ஒன்றும் வரவில்லை. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் தட்டினான். நானும் அவனையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இன்னாப்பா கேக்கறாரு?" என்றாள் அண்ணி.

"எடுத்துக்குடுக்கப் போறாரு அண்ணி."

"இன்னாத்த எடுத்துக்குடுப்பாரு? வாயத்தான் கட்டிவச்சிக்கீறாங்களே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் என்னை எடுக்கச் சொல்கிறான். பேச்சில் வராதது வேலையில் வருமா என்று தட்டிப் பார்க்கிறான். நான் அவனுக்காகக் காத்திருக்கிறேன், அவன் எனக்காகக் காத்திருக்கிறான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இரும்பு அப்படியே கிடக்கிறது.

வாயைத் திறந்தேன். மூச்சு வந்தது. வார்த்தை வரவில்லை. அவன் கண்ணைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மணி அடித்துவிடுவார்கள். அடித்துவிட்டால் அவ்வளவுதான். அடிக்கட்டும் என்றும் மனசின் ஒரு மூலையில் இருந்தது.

அண்ணி என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஜெப வீட்டுப் பெண்கள் முக்காடு போடுவதை எங்கேயோ பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. ஆனால் கண்ணை மூடவில்லை. கோயிலில் அம்மன் முன்னால் நிற்கிற மாதிரி நேராக, வார்டின் வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"இந்தாய்யா ஏசு சாமி. நானு உன் ஆளு இல்ல. அது ஒனக்கே தெரியும்."

"ஐலசா" என்றேன் நான்.

அது என் வாயில் இருந்து வந்துவிட்டது. இரும்பைத் தட்டியாயிற்று, ஒருத்தி வரி சொல்லியாயிற்று. வேறு எது வரும்? வார்டே திரும்பிப் பார்த்தது. அடுத்த கட்டில்காரர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். அண்ணி பாதியில் நிறுத்தி, "இன்னாப்பா இது?" என்றாள்.

தோழன் சிரித்தான். கட்டின தாடையோடு, மூக்கு வழியாகச் சிரித்தான். சிரித்தால் வயிறு வலிக்கிறது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. கண் ஓரத்தில் நீர் வழிந்து துணிக்கட்டுக்குள் போயிற்று. சிரிப்பு அடங்கியதும் விரலால் மறுபடி தட்டினான். மேலே போங்கள் என்று அர்த்தம்.

"இந்த மனுசன் உன் வூட்டுக்கு வந்துகினு கீறாரு. ஒரு நாயித்துக்கெயம தவறல."

"ஆமென்."

"கடையில கூட்டமா கீது, மாவு கரைக்க ஆளில்லன்னு கத்தனேன். கேக்கல. உன்னாண்டதான் வந்தாரு."

"ஆமென்."

"காலையில வயித்த அறுக்கப்போறாங்களாம். அந்த டாக்டரு சின்னப் புள்ளையா கீறாரு. அவுரு கை நடுங்காம பாத்துக்க."

"ஆமென்."

"இவரு பயந்துகினு கீறாரு. வெளிய சொல்லமாட்டாரு. சொல்லவும் வாயி இல்ல."

ஆமென் சொன்னேன்.

"எனக்கும் பயமா கீது" என்றாள். அது சுவரைப் பார்த்துச் சொன்னதா, அவனைப் பார்த்துச் சொன்னதா தெரியவில்லை. பிறகு முந்தானையை இறக்கிவிட்டு, "இவ்ளோதான். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது. கோச்சிக்காத" என்று முடித்தாள்.

"ஆமென்" என்றேன்.

"அப்படியே நம்ம காலுக்கும் ஒரு வார்த்த சேத்து வுடும்மா" என்றார் அடுத்த கட்டில்காரர்.

"உன் கால் தானா ஒட்டும். கம்முனு கெட" என்றாள் அண்ணி.

மணி அடித்தது. புறப்படும்போது தோழன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். கெட்டியாகப் பிடித்தான், பிறகு விட்டான். அதில் என்ன சொன்னான் என்று இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது. பரவாயில்லை என்றதாகவும் இருக்கலாம். இன்னும் கேட்டதாகவும் இருக்கலாம்.

மறுநாள் மத்தியானம் மேஸ்திரி வந்து என்னை யார்டிலிருந்து கூட்டிப்போனார். வழியெல்லாம் அவர் குடையை விரிக்கவே இல்லை. அதிலிருந்தே தெரிந்துகொண்டேன். கத்தி வைத்த பிறகு அவனுக்கு நினைவு திரும்பவில்லை என்று நர்ஸ் சொன்னாள்.

கழியில் வெள்ளம் வடிந்து போதகர் அன்றிரவே வந்துவிட்டார். அவரே அடக்கம் செய்தார். குழியருகே அவர் ஜெபித்தபோது எல்லோரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன். அண்ணி கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றாள். அவள் வழக்கப்படி பெண்கள் அதற்குமேல் வரமாட்டார்கள். உள்ளே வரலாம் என்று போதகர் ஆள் அனுப்பியும் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போனேன். எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல் வேலை தடுமாறியது. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, "நீதான் அவன் கூடவே சுத்திகினு இருந்தே. அவன் பாட்டு உனக்குத்தான் தெரியும். எடு" என்றார். மறுக்கவும் எனக்கு வாய் வராது. கடப்பாறையை வாங்கினேன். இரும்பைத் தட்டினேன். இரண்டு பக்கமும் ஆட்கள் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் முதுகு தெரிந்தது. அத்தனை பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். மேஸ்திரியின் குடை தெரிந்தது, தூரத்தில் சிக்னல் கை தெரிந்தது. கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டியதுதான், அவன் அப்படித்தான் செய்வான். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் ஒருவன் முதுகை நிமிர்த்தி, "உட்டுடுங்க மேஸ்திரி, பாவம்" என்று கடப்பாறையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். நான் என் பழைய இடத்துக்குப் போய்க் குனிந்தேன்.

அதெல்லாம் நடந்து பல வருஷம் ஆகிவிட்டது. எனக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. முதுகு ஒத்துழைக்காததால் இப்போது ரயில்வே கேட்டில் கொடி காட்டும் வேலை. ஜெப வீட்டுக்குத் தவறாமல் போகிறேன். தகரத்தை எடுத்துவிட்டு ஓடு போட்டிருக்கிறார்கள். ஆனாலும் கூட்ஸ் வண்டி போனால் பேச்சு கேட்காது. என் முறை வரும்போது வண்டி வந்தால் நல்லது. வராவிட்டால் பக்கத்தில் இருப்பவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தொடங்கிவிடுவார். எல்லோருக்கும் பழகிவிட்டது. புதிதாக வந்த ஒருவர் மட்டும் எனக்கு ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்து, என்மேல் கை வைத்து ஜெபித்தார். அதற்கும் ஆமென் சொன்னேன்.

விடிந்ததும் அறையில் உட்காருகிறேன். கண்ணை மூடுகிறேன். டிரங்குப் பெட்டியின் மூடியை விரல் முட்டியால் தட்டுகிறேன். தட்டினால் தயாராகிவிடுகிற உடம்பு இன்னும் இருக்கிறது. மூச்சு நிற்கிறது. யாரோ எடுத்துக்கொடுக்கப் போகிறார்கள் என்று காத்திருக்கிறேன். வண்டி ஒன்று போகிறது. பிறகு வேலைக்கு நேரமாகிவிடுகிறது.

போகிற வழியில் அண்ணியின் கடை. அவள் இன்னும் அம்மனுக்குத்தான் விளக்கேற்றுகிறாள். ஆனால் அவன் போன நாளிலிருந்து என்னை ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டாள். கரண்டியால் மாவை ஊற்றிச் சட்டியைச் சுழற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்பாள்.

"இன்னிக்காவது வந்துச்சாப்பா?"

"இல்ல அண்ணி."

"அவரு அங்க குந்திகினு கேட்டுகினு இருப்பாரு. தெரியுமில்ல?"

"தெரியும் அண்ணி."

"சரி, குந்து. சூடா கீது, துன்னுட்டுப் போ."

நான் மணைப்பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன்.